மல்லாட்டைச் செடிக்குக் கிடைத்த பரிசு

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு, விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் பெண்களுக்கெல்லாம் ஊசிப் பைத்தியம் பிடித்திருந்தது. பைத்தியம் என்று சொன்னால் மிகையில்லை. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எச்சில் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, வட்டச் சட்டமும் துணியுமாகக் கிளம்பிவிடுவார்கள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் துணி போர்த்தாத பொருள் இருக்காது. தண்ணீர்ச் சொம்புக்கு மூடி, கூஜாவுக்குச் சட்டை, அரிக்கேன் விளக்குக்குப் பகலில் ஒரு தொப்பி. ஒரு வீட்டில் அம்மிக் குழவிக்குப் பாவாடை தைத்திருந்தார்கள். மிளகாய் அரைக்க வேண்டிய நேரத்தில், அதைக் கழற்ற மனமில்லாமல் அந்த வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

தைத்ததெல்லாம் ஒரே மாதிரிதான். அன்னம், ரோஜாப்பூ, புகைக்கூண்டு வைத்த ஓட்டு வீடு, அதன் வாசலில் காது தொங்கும் ஒரு நாய். அப்படிப்பட்ட வீட்டையோ நாயையோ எங்களில் ஒருத்தியும் கண்டதில்லை. ஊரைவிட்டுப் போன துரைசானி ஒருத்தி விட்டுச்சென்ற பழைய புத்தகத்தில் அந்தப் படங்கள் இருந்தன. அந்தப் புத்தகம் கை மாறி மாறி, அட்டை போய், முதல் பத்துப் பக்கமும் போய், மிச்சம் இருந்ததை நாங்கள் வேதம் மாதிரி வைத்திருந்தோம்.

கூடுகிற இடம் கார்டு வீட்டுக் கூடம். ரயில் கார்டின் மனைவிக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல சரீரம், அதற்கேற்ற குரல். நூல் வாங்கி வருவதும் அவள்தான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் சரக்காக வரும் பட்டு நூலைச் சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று, அதைக் கொண்டைக்குள் வைத்து முடிந்துகொண்டு வருவாள். போகும்போது எலுமிச்சம்பழம் அளவு இருந்த கொண்டை திரும்பி வரும்போது தேங்காய் அளவு இருக்கும். சுங்கக்காரர்கள் ஒருநாளும் அவளைத் தடுத்ததில்லை. வந்து உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்து நூலைப் பங்கு போடும்போது நாங்கள் பன்னிரண்டு பேரும் அடித்துக்கொள்வோம். எண்ணெய் வாடை போக அதைத் துவைத்துக் காயப்போடுவதற்கே ஒருநாள் போய்விடும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் மட்டமான கை என்னுடையது. பொய்யடக்கம் இல்லை. நான் தைத்த அன்னத்தைப் பார்த்து என் புருஷனே, "இது இன்னா, தவளையா?" என்று கேட்டார். அவர் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். எனக்குப் பிறந்த ஊர் திண்டிவனம். அங்கே என் அண்ணி, நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்தே, "இவளுக்குக் கை வராது. கோலம் போட்டா கோழி கிண்டின மாரி இருக்கும்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அது எனக்கு இன்னொரு பெயர் மாதிரியே ஆகிவிட்டது. முப்பத்து மூன்று வயதில், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும், ஊசியைக் கையில் எடுத்தால் அந்தக் குரல்தான் காதில் விழும்.

இனி அந்தப் பன்னிரண்டு பேர் கணக்கில் சேராத ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் என்று மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து நான் கொடுக்கிற மரியாதை என் மனசைத் தேற்றிக்கொள்ளத்தான் உதவும். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

குடியிருப்புக்குப் பின்தெருவில் கொழுந்தன் வீட்டில் இருந்தாள். பத்தொன்பது வயதில் தாலியறுத்தவள். பிள்ளை குட்டி இல்லை. அந்த வீட்டில் பதினோரு பேருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டாள். எதிரே பார்த்தால் "அக்கா" என்போம். முதுகுக்குப் பின்னால் "வெள்ளைச் சீலை" என்போம். முதல் தடவை கார்டு வீட்டு அம்மாளுக்கு இடித்த மிளகாய்த்தூள் கொடுக்க வந்தவள், கொடுத்துவிட்டுப் போகாமல் வாசற்கால் பக்கம் நின்று எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டு வீட்டு அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. சிக்கு விழுந்த நூற்கண்டு ஒன்றை அவள் பக்கம் தூக்கிப் போட்டு, "சும்மா நிக்கிறதுக்கு இதையாச்சும் பிரிச்சிக் குடுங்கக்கா" என்றாள். நாங்கள் இரண்டு நாளாகப் பிரிக்க முடியாமல் போட்டிருந்த சிக்கு அது. ஓர் இடத்தில்கூட அறாமல் அன்று மாலைக்குள் பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். கொழுந்தன் வீடு சாப்பிட்டுப் படுத்ததும் இரண்டு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போய்விடுவாள். உட்காருகிற இடம் அந்த வாசற்கால்தான். பாயில் உட்காரச் சொல்லி ஒருத்தியும் கூப்பிட்டதில்லை. குழந்தைக் குல்லா, வளைகாப்புத் தட்டு மூடி, மாப்பிள்ளைத் தலையணை உறை, இதையெல்லாம் அவள் தொடக் கூடாது. மற்றபடி எங்கள் சிக்கெல்லாம் அவளுக்கு. நாங்கள் தப்பாகத் தைத்துவிட்டு அவள் பக்கம் நகர்த்துவோம். பிரித்து, சரியாகத் தைத்துத் திருப்பித் தருவாள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என் கைவேலை என்று காட்டுவோம். புத்தகத்தை ஒருநாளும் அவள் கையில் கொடுத்ததில்லை.

நாங்கள் வெட்டிப் போடுகிற துண்டு நூலையெல்லாம் அவள் போகும்போது பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். விரற்கடை நீளம், அரை விரற்கடை நீளம். அடுப்பெரிக்கவா இது என்று சிரிப்போம். ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் மடியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிரித்தாள். மண்ணோடு பிடுங்கின ஒரு மல்லாட்டைச் செடி, வேர்க்கடலை என்பார்களே அது. அவள் தாய்வீடு திண்டிவனத்துப் பக்கம் புஞ்சைக் காடு. பிடுங்கின செடியைக் கையில் தூக்கிப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. இலை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பச்சை. வேரில் தொங்கிய காய்களில் ஒன்று முற்றினது, ஒன்று பிஞ்சு, ஒன்று பூச்சி அரித்தது. உதிரப்போகிற மண்கூட இருந்தது. எல்லாம் எங்கள் வீட்டுக் குப்பை நூல்.

அப்படி ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாதே என்று முதலில் சிரித்தவள் நான்தான். "மல்லாட்டையைப் போய் யாருக்கா செவுத்துல மாட்டுவா?" என்றேன். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் கார்டு வீட்டு அம்மாள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். திண்டிவனத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பெண்களின் கைவேலைக் கண்காட்சி வைக்கிறார்கள். முதல் பரிசு வெள்ளிக் குங்குமச் சிமிழ். வக்கீல் வீட்டு அம்மாள் ஒருத்தி பரிசு வாங்குகிறவளின் நெற்றியில் குங்குமம் வைத்துச் சிமிழைக் கையில் கொடுப்பாளாம். இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தையல் சொல்லித்தர ஓர் ஆள் தேவையாம். பெரிய டீச்சரம்மா அங்கே வருகிற வேலைகளைப் பார்த்துத்தான் ஆளைத் தேடப்போகிறாளாம்.

வாசற்காலிலிருந்து சத்தம் வந்தது. அவள் தானாக வாய் திறந்து நாங்கள் கேட்டது அன்றுதான்.

"அந்த வேலைக்கு எழுதப் படிக்கத் தெரியணுமாம்மா?"

கார்டு வீட்டு அம்மாள் தெரியாது என்றாள். அவள் விடவில்லை.

"முப்பது வருசமா அடுத்தவங்க வூட்டு அடுப்பப் பாத்துகினு இருக்கேன். சாதத்துல ஒரு கல்லு கெடந்தா மட்டுந்தான் இந்த வூட்ல நான் ஒருத்தி இருக்கறதே அவங்களுக்கு ஞாபகம் வரும். எனக்குத் தெரிஞ்ச ஒண்ணுக்குன்னு ஒருத்தங்க கூப்ட்டு வேலை குடுத்தாங்கன்னா, அன்னிக்கே போய்டுவேன்மா. கட்டின சீலையோட போய்டுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய வேலைதான் பரிசு வாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குங்குமச் சிமிழை என்ன செய்வது? அதைப் பற்றி அந்த மத்தியானம் முழுக்கப் பேசினோம். "அந்தம்மா கையில குங்குமத்த வச்சிகினு இவங்க நெத்தியப் பாத்து இன்னா பண்ணுவாங்க?" என்றாள் ஒருத்தி. நல்ல காரியத்தில் அபசகுனம் என்றாள் இன்னொருத்தி. கைம்பெண் பெயரைப் பார்த்தாலே துணியை ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள், அப்புறம் வேலை எங்கே கிடைக்கும் என்றாள் கார்டு வீட்டு அம்மாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். துணியைச் சுமங்கலி ஒருத்தியின் பெயரில் வைப்பது. அவள் குங்குமத்தையும் சிமிழையும் வாங்கிக்கொண்டு, பெரிய டீச்சரம்மாவைத் தனியாகப் பார்த்து, தைத்தது இந்த அக்காதான் என்று உண்மையைச் சொல்லி, அவளை முன்னால் நிறுத்துவது.

"என் பேர்ல வையுங்க. எங்க ஊரு, எனக்கு எல்லாரையும் தெரியும். நானே பேசிடறேன்" என்றேன்.

துணியை என் கையில் கொடுக்கும்போது, "சொல்லிடுவ இல்லம்மா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"சொல்லாம? அதுக்குத்தானே போறோம்" என்றேன். அப்போது சொல்கிற எண்ணம்தான் இருந்தது.

கொழுந்தன் வீட்டில் மயிலம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு என்னுடன் ரயிலேறினாள். சேலையைக் கஞ்சி போட்டு உலர்த்திக் கட்டியிருந்தாள். மடியில் ஒரு சின்னத் துணிப்பை. அதற்குள் என்ன என்று கேட்டேன். வட்டச் சட்டமும் வெற்றுத் துணியும் ஐந்தாறு ஊசியும் நூலும் எடுத்து வந்திருந்தாள். "எதுனா தெச்சிக் காட்டுன்னு கேட்டாங்கன்னா?" என்றாள். எனக்கு எதிர்ப் பலகையில் சன்னலோரமாக உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். விக்கிரவாண்டி தாண்டினதும் மல்லாட்டைக் காடு தெரிந்தது. மழை போதாது, காய் சிறுத்துப்போகும் என்றாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கூடத்தில் நாலு பக்கமும் கயிறு கட்டித் துணிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அன்னம், அன்னம், அன்னம். காது தொங்கும் நாய் திண்டிவனத்துக்கும் வந்திருந்தது. நடுவில் அந்த மல்லாட்டைச் செடிக்கு முன்னால் கூட்டம் நின்றது. கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு கிழவி, பூச்சி அரித்த காயைத் தொட்டுப் பார்த்து, "இது சாம்பல் தூவாத கொல்லை" என்றாள்.

பெரிய டீச்சரம்மா வந்தாள். வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, எஃகுச் சட்டம் போட்ட கண்ணாடி. தராதரம் பார்க்க வேண்டியவள் அவள். நெற்றியில் பொட்டே வைக்காத அவளிடம் கைம்பெண் தைத்தது என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அது வேதக்காரப் பள்ளிக்கூடம் என்று எங்கள் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும், ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பேசியதில் இது ஒருத்திக்கும் தோன்றவில்லை. எங்களுக்குக் குங்குமம்தான் தெரிந்தது.

மற்றவர்கள் துணியின் முன்பக்கத்தைப் பார்த்தார்கள். டீச்சரம்மா கயிற்றில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அருகில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வக்கீல் வீட்டு அம்மாள் என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். சிமிழ் கையில் வந்தது. கூடம் முழுக்கக் கைதட்டியது. இரண்டாவது வரிசையில் என் அண்ணி உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தபடி, தட்ட மறந்து, அப்புறம் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். இவளுக்குக் கை வராது என்று சொன்னவள். நான் அந்த ஒரு முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை பெற்றபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

கூட்டம் கலையத் தொடங்கியதும் பெரிய டீச்சரம்மா என்னைச் சன்னல் பக்கம் அழைத்துக்கொண்டு போனாள். தைத்தவளும் பின்னாலேயே வந்து இரண்டு முழம் தள்ளி, துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பின்பக்கத்துல ஒரு முடிச்சுகூட இல்லையே. எப்படிச் செஞ்சீங்க?"

"முடிச்சுப் போட்டா உறுத்திகினே இருக்கும்ங்க. போன வழியிலயே ஊசியைத் திருப்பிக் கொண்டாந்து நூலை அடியில சொருகிடணும்" என்றேன். அது அவள் சொன்னது. என் அன்னத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது எனக்குச் சொன்னது. ஒரு வார்த்தை மாறாமல் வாயில் வந்தது.

"இத்தனை பச்சை எங்கே கெடைச்சுது?"

"பாண்டிச்சேரிதாங்க."

"நீங்களே இங்க வந்து எங்க பொண்ணுங்களுக்குச் சொல்லித் தரலாமே?"

"எங்க வூட்டுக்காரர் சம்மதிக்க மாட்டாருங்க."

அவள் தலையாட்டினாள். "குடும்பம் இருக்கிறவங்களுக்குக் கஷ்டந்தான். எங்களுக்கும் விடுதியிலயே தங்கி, சாப்பிட்டு, பொண்ணுங்களோட இருக்கிற ஆளா வேணும். குடும்பப் பொறுப்பு இல்லாத ஒரு கைம்பெண்ணா இருந்தா ரொம்ப நல்லது. கொஞ்சம் வயசானவங்களா இருந்தாலும் பரவாயில்லை. எழுத்து தெரியாட்டியும் நாங்க பாத்துக்குவோம். உங்ககூடத் தைக்கிறவங்கள்ல அப்படி யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லீங்களே" என்றேன்.

அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "இவங்க?"

"துணைக்கு வந்தவங்க. வூட்டு வேலைக்கு இருக்காங்க."

பெரிய டீச்சரம்மா நல்ல மாதிரி. அவளைப் பார்த்துச் சிரித்து, "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"குடிச்சேங்க" என்றாள்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது என் குடையையும் சாப்பாட்டுத் தூக்கையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கேட்கவும் இல்லை. நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ரயிலில் பலகை பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. நான் சன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் கதவுப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

"மேல வந்து உக்காருங்கக்கா."

"பரவால்லம்மா. இங்க காத்து வருது."

மயிலம் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் எழுந்து மலை இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்தாளே, அதற்காக. அப்புறம் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். 

மறுநாள் கார்டு வீட்டில் பதினோரு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிமிழைச் சுற்றிக் காட்டினேன். "வேலை இன்னாச்சு?" என்றாள் கார்டு வீட்டு அம்மாள்.

"ஆள் போட்டுட்டாங்களாம். போன வாரமே" என்றேன்.

வாசற்காலில் சிக்குப் பிரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "ஆமாம்மா. நானும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். போன வாரமே போட்டுட்டாங்களாம்" என்றாள்.

எனக்காகப் பொய் சொன்னாள். அந்தக் கணத்தில் அவள் எழுந்து நின்று என் மானத்தை வாங்கியிருந்தால், நான் அழுதுகொண்டே காலில் விழுந்திருப்பேனோ என்னவோ. அவள் என்னைக் காப்பாற்றினாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவள் விரல்களைக் கண்டாலே எரிந்தது. இருபது நாள் அந்த எரிச்சலோடு போய் வந்தேன். அவள் என்றைக்கும் போல என் தப்புகளைப் பிரித்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இதற்கிடையில் மல்லாட்டைச் செடியை என் புருஷன் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். பார்க்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு துணி தைத்துத் தரச் சொல்லிக் கடிதம் வந்தது. கண் வலி என்று பதில் எழுதினேன்.

கார்டு வீட்டுப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை. அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கூடத்தைத் தாண்டி உள்ளே போவதைப் பார்த்தேன். எதைச் சொன்னால் எது நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மாசமா இருக்கற பொண்ணு போக வர இருக்கற வாசப்படி. தெனம் இவங்க இங்க உக்காந்துகினு இருக்காங்களே, அது நல்லதாக்கா? மனசுல பட்டுச்சி, சொல்லிட்டேன்" என்றேன் கார்டு வீட்டு அம்மாளிடம். மெதுவாகச் சொல்லவில்லை.

கார்டு வீட்டு அம்மாள் இன்னும் மூன்று தையல் போட்டாள். பிறகு துணியைப் பார்த்தபடியே, "கொஞ்ச நாளைக்கு வர வேணாங்கக்கா. பிரசவம் ஆவட்டும்" என்றாள்.

அவள் கையில் இருந்த சிக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். பதினோரு பேரில் ஒருத்தியும் நிமிரவில்லை. இத்தனைக்கும் அந்தக் கூடத்தில் அவள் கை படாத துணி ஒன்றுகூட இல்லை.

பிரசவம் ஆயிற்று, பிள்ளைக்குப் பல் முளைத்தது, நடந்தது. அவளைக் கூப்பிட்டு அனுப்ப யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பெண்ணைப் போட்டார்கள். சாதாரணக் கை என்று கேள்விப்பட்டேன். அவள் அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் கொழுந்தன் வீட்டுப் பதினோரு பேருக்கும், அப்புறம் அந்த வீட்டுக்கு வந்த மருமகள்களுக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, சுதந்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் காய்ச்சலில் போனாள். அடக்கத்துக்கு நான் போகவில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவள் வெளியே போனதும் நான் பின்னாலேயே எழுந்து போனேன். பச்சாதாபத்தில் போகவில்லை. தெருவில் யாரிடமாவது சொல்லிவிடுவாளோ என்ற பயம். கார்டு வீட்டுக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சொம்பைக் கீழே வைத்தாள்.

"பயப்படாதம்மா. நான் யாரண்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

தெருப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன்.

"நீ தெச்சதுன்னு சொல்லிகினது எனக்குப் பெருசாப் படல. அவ்ளோ பேரு கை தட்டறப்போ யாருக்குந்தான் அத வுட்டுட்டு எறங்கி வர மனசு வரும்? வூட்டு வேலைக்காரின்னு சொன்ன. அதுவும் போவட்டும், நான் அதானே. ஆனா, யாராச்சும் இருக்காங்களான்னு அந்தம்மா கேட்டப்போ நீ ஒரு நிமிசம் யோசிக்கக்கூட இல்லியேம்மா. படக்குனு இல்லீங்களேன்னுட்ட. யோசிச்சிட்டு இல்லன்னு சொல்லியிருந்தா, செரி, நம்மளயும் நெனச்சிப் பாத்தாளேன்னு இருந்திருக்கும். அதான் தாங்கல."

கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியாது. நான் யோசித்திருந்தேன். குங்குமம் வைத்துக்கொண்டு, அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்திலேயே எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். இவள் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் முதல் நாள் ஊசியில் நூல் கோர்க்கும்போதே அந்தச் செடி யார் கை என்று தெரிந்துவிடும். என் ஊர், அண்ணிக்கு எட்டிவிடும். அதனால் இவள் வரக் கூடாது. இன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே வரக் கூடாது. யாராவது ஆள் கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும், தயங்காமல் சொல்ல வேண்டும், தயங்கினால் சந்தேகம் வரும். பெரிய டீச்சரம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் தயாராக இருந்தது. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வந்தது.